58 வயதுக்குப் பிறகும் வேலை: எந்த கம்ப்யூட்டர் திறன் கைகொடுக்கும்? எங்கே, எப்படிக் கற்கலாம்? முழு விவரம்

கடைசி நாள் மாலை. சால்வை, மாலை, ஒரு குரூப் போட்டோ, கையில் ஒரு சுவர்க் கடிகாரம். தனியார் நிறுவனத்தில் 58 வயதில் ஓய்வு பெறுபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த மறுவாரமே வேறொரு கணக்கு தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கடன் இன்னும் நாலு வருஷம் பாக்கி. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சுகர் மாத்திரை மாதாமாதம் வாங்கியாக வேண்டும்.

சரி, வேறு எங்காவது வேலைக்குப் போகலாம் என்று கிளம்பினால், அங்கே கேட்கும் முதல் கேள்வி: "சார், உங்களுக்கு சிஸ்டம் தெரியுமா?"

30 வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இந்த ஒரு கேள்வியில் திரும்பி வந்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான இடங்களில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் ரொம்பச் சின்னது. இத்தனை வருஷம் நோட்டிலும் மெஷினிலும் செய்த வேலையை இன்று ஒரு திரையில் செய்கிறார்கள். அந்தத் திரை உங்களுக்குப் பழக்கமா என்பதுதான் கேள்வி. அதற்கு என்ன கற்க வேண்டும், எங்கே கற்கலாம், எதில் ஏமாறக் கூடாது என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஏன் இப்போது இது முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் கணிப்புப்படி 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும். கேரளாவுக்கு அடுத்தபடியாக, பெரிய மாநிலங்களில் முதியோர் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-ல் இருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. தனியார் துறையில் பல நிறுவனங்களில் இன்னமும் 58-தான்.

பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு பென்ஷன் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் எவ்வளவு? ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச மாத பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அதே சமயத்தில் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் ஆனது. கடைசி மாதச் சம்பளம் 40,000 வாங்கியவராக இருந்தாலும், உயர் ஓய்வூதியத்தைத் தேர்வு செய்யாதவருக்கு இந்த 15,000-க்குள்தான் கணக்கு. சர்வீஸ் வருடங்களை அந்தத் தொகையால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 35 வருஷம் உழைத்தவருக்கே இந்தக் கணக்கில் 8,000 ரூபாயைத் தாண்டுவது கடினம்.

கடையும் ஆட்டோவும் தறியும் நம்பியவர்களுக்கு அதுவும் இல்லை. ஆக, 60-ஐ நெருங்கும் பலருக்கு வேலை என்பது பொழுதுபோக்கு இல்லை, மாதச் செலவு.

மொபைல்தான் நல்லா தெரியுமே, அது போதாதா?

பேரன் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். யூடியூப் பார்க்கிறார்கள். ஜிபே-யில் பால்காரருக்குப் பணம் போடுகிறார்கள். இவ்வளவும் தெரிந்தவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏன் திணறுகிறார்?

காரணம் எளிது. மொபைலில் எந்த ஃபைல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆப்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அலுவலக வேலைக்கு அடிப்படையே அந்த ஒரு விஷயம்தான்: ஃபைலுக்குப் பெயர் வைப்பது, சரியான ஃபோல்டரில் சேமிப்பது, நாளைக்குத் தேடி எடுப்பது, மெயிலில் இணைத்து அனுப்புவது, பிரிண்ட் எடுப்பது.

பீரோவில் ஃபைல் அடுக்கிப் பழகியவருக்கு இது புதுசே இல்லை. இரும்பு பீரோவின் தட்டு இங்கே ஃபோல்டர் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஐந்து விஷயமும் மவுஸ், கீபோர்டு பழக்கமும் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

எந்த வேலைக்கு எது தேவை?

"கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்ற பெயரில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கற்பதைவிட, தனக்குத் தெரிந்த தொழிலுக்கான ஒரு மென்பொருளை முழுசாகக் கற்பது வயதானவர்களுக்கு வேகமாகப் பலன் தரும். சில உதாரணங்கள்:

கணக்கு வேலை: கடையிலோ மில்லிலோ லெட்ஜர் எழுதியவருக்கு எது பற்று, எது வரவு என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். டேலி மென்பொருளைப் புதிதாகக் கற்கும் இளைஞர் முட்டி மோதுவது இந்த இடத்தில்தான். அனுபவசாலி கற்க வேண்டியது பட்டன்களை மட்டும். எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு இதோடு ஜிஎஸ்டி தளமும் சேர்ந்துகொண்டது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20-ம் தேதிக்குள் வரிக் கணக்கையும் பதிவேற்ற வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இடையிலான வியாபாரத்தில் இ-இன்வாய்ஸும் கட்டாயம். சின்னக் கடைகளுக்கு முழுநேரக் கணக்காளர் கட்டுப்படியாகாது. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கணக்கை முடித்துக் கொடுக்கும் ஆள்தான் அவர்களுக்குத் தேவை. ஓய்வு பெற்றவருக்குப் பொருத்தமான வேலை இது.

டைப்பிங்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் இன்று 50, 60 வயதில் இருக்கிறார்கள். பெண்கள் கணிசம். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை வேகம். இரண்டு விரலால் தேடித்தேடி அடிப்பவர்கள் பக்கத்தில்கூட வர முடியாது. ஆங்கிலத்தில் டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் எழுத்து வரிசை ஒன்றே. தமிழில்தான் குழப்பம். அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை 1999-ல் வந்தது. 'கெ' அடிக்க டைப்ரைட்டரில் முதலில் கொம்பு, பிறகு 'க'. தமிழ்99-ல் முதலில் 'க', பிறகு 'எ'. இதை மாற்றிக் கற்க முடியாது என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் முறையையே தேர்வு செய்துகொண்டு யூனிகோடில் அடிக்கலாம். விரல் பழைய இடத்துக்கே போகும், எழுத்து புதிய முறையில் விழும்.

டிடிபி: கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கே வரும் சிக்கல் இது. பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் புத்தகமும் வடிவமைத்தவர்கள் ஏராளம். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. இப்போது அந்த இடத்தில் இன்டிசைன். ஆனால் பழையவர்களிடம் புதியவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் பதிப்பகங்களில் குவிந்து கிடக்கின்றன. மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது எங்கே எழுத்து உடையும், எங்கே ஒற்று காணாமல் போகும் என்று பார்த்ததும் கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்குத்தான் உண்டு.

பட்டறை, கார்மெண்ட்: லேத்தில் 25 வருஷம் நின்றவருக்கு எந்த இரும்புக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். சிஎன்சி இயந்திரம் கேட்பது அதையேதான், எண்ணாகக் கேட்கிறது. ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக நகர், ஜி01 என்றால் நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டு நகர், எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று. இப்படி முதலில் தேவைப்படும் கட்டளைகள் ஒரு பக்கத்தில் அடங்கும். வெட்டும்போது டூல் ஏன் உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவர் கோவை, ஓசூர் பட்டறைகளில் எப்போதும் தேவை. திருப்பூரில் அட்டையில் பேட்டர்ன் வெட்டிய மாஸ்டருக்கும் இதே கதைதான். துணி எங்கே இழுக்கும் என்ற அறிவு அவருடையது. அதைத் திரையில் வரைய ஒரு கேட் மென்பொருள் வேண்டும்.

ஆசிரியர்கள்: கூகுள் மீட்டில் வகுப்பைத் தொடங்குவது, திரையைப் பகிர்வது, கேள்வித்தாளை அடித்து பிடிஎஃப் ஆக்குவது. இந்த மூன்றும் தெரிந்தால் ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் இருந்தே டியூஷன் எடுக்கலாம். வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கவும் இதே வழிதான்.

இ-சேவை மையம்: வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று தாலுகா அலுவலக நடைமுறை அத்துப்படியானவர்களுக்கு இது ஏற்ற தொழில். தனிநபர்களும் மையம் தொடங்க வழிசெய்யும் 'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்தது. விண்ணப்பம் கோரப்படும் நேரத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும்.

வயசானா மண்டையில் ஏறாதா?

இது பலரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் காரணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. வயதாகும்போது புதிய விஷயத்தை உள்வாங்கும் வேகம் குறையும். ஆனால் சேர்த்து வைத்த அறிவும் சொல்வளமும் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. அதனால்தான் ஏற்கெனவே தெரிந்த தொழிலோடு சேர்த்துக் கற்றால் சீக்கிரம் பிடிபடுகிறது.

ஜப்பானைச் சேர்ந்த மசாகோ வகாமியா 1935-ல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெறும் சமயத்தில்தான் முதல் கம்ப்யூட்டரை வாங்கினார். முதியவர்கள் விளையாட ஏற்ற மொபைல் விளையாட்டுகள் இல்லையே என்று தானே புரோகிராமிங் கற்று, 2017-ல் 81 வயதில் ஐபோனுக்கு ஒரு விளையாட்டுச் செயலியை வெளியிட்டார். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். எல்லோரும் செயலி எழுத வேண்டியதில்லை. டேலியில் ஒரு பில் போடுவதற்கு அந்த உழைப்பில் ஒரு சின்னப் பங்கு போதும்.

பல நேரம் தடையாக இருப்பது மூளை இல்லை, கண்ணும் கையும்தான். இவற்றைச் சரிசெய்து பாருங்கள்:

* எழுத்து சின்னதாகத் தெரிந்தால் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியை அழுத்துங்கள். பிரவுசரில் எழுத்து பெரிதாகும்.
* திரையை ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். பைஃபோக்கல் கண்ணாடி போட்டால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிவந்து கழுத்து வலிக்கும். கம்ப்யூட்டர் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி தேவையா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.
* டபுள் கிளிக் வரவில்லையா? விண்டோஸ் செட்டிங்கில் அதன் வேகத்தைக் குறைக்கலாம். மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கலாம்.
* "எதையாவது அழுத்தி கெட்டுப்போயிடுமோ" என்ற பயம் பலருக்கும் உண்டு. கன்ட்ரோல் + இசட் அழுத்தினால், டைப் செய்யும்போதோ ஷீட்டில் வேலை செய்யும்போதோ கடைசியாகச் செய்த தவறு திரும்பிவிடும். இதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். பயம் பாதி போய்விடும்.

எங்கே கற்கலாம்?

கிராமப்புறங்களில் கம்ப்யூட்டர் அறிவைப் பரப்ப மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் 6 கோடிக்கும் அதிகமானோர் பயிற்சி பெற்றனர். வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரம், இலவசம். ஆனால் வயது வரம்பு 14 முதல் 60. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமே இல்லை. அந்தத் திட்டமும் 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆகவே இப்போதைக்கு இருக்கும் வழிகள்:

* மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கம்ப்யூட்டர் படிப்பு 80 மணி நேரம் கொண்டது. குறிப்பிட்ட கல்வித் தகுதி கேட்பதில்லை. பயிற்சி மையத்தில் சேராமல் நேரடியாகவும் தேர்வு எழுதலாம்.
* ஐஐடி பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சின்னச் சின்ன வீடியோக்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்யலாம். லிப்ரே ஆபீஸ் மென்பொருளும் இலவசம்.
* தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' தேர்வுக்குப் பல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களே பயிற்சி தருகின்றன. டைப்பிங் சான்றிதழ் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது நல்ல துணை.
* தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் சேர்வதானால், மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒருவரா, மூவரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மகன், மகள் கவனத்துக்கு

பல வீடுகளில் முதல் ஆசிரியர் பிள்ளைகள்தான். "அப்பா, இதுகூடவா தெரியல?" என்ற ஒரு வார்த்தையில் பாடம் முடிந்துபோகும் வீடுகளும் உண்டு. அதன்பிறகு அவர் கேட்கவே மாட்டார்.

மவுஸை அவர் கையில் இருந்து பிடுங்கி நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவர் கை பழக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு விஷயம் போதும். சொன்ன படிகளை அவரே ஒரு நோட்டில், அவர் பாஷையில் எழுதிக்கொள்ளட்டும். "சுத்தியல் மாதிரி இருக்கிற பட்டன்" என்று எழுதினாலும் பரவாயில்லை. அந்த நோட்டுதான் நீங்கள் வீட்டில் இல்லாதபோது அவருக்குத் துணை.

ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்த வாசனை மோசடிக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "வீட்டில் இருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30,000" என்று வரும் விளம்பரங்களில் அடிக்கடி நடப்பது இதுதான்: முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ஆன்லைனில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி அபராதம் கேட்டு மிரட்டுவார்கள். போலீஸ் வரும் என்று பயந்து பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சம்பளம் கொடுப்பவர்தான் முதலாளி. வேலைக்குச் சேர நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஓடிபி, ஆதார் நகல், வங்கி விவரம் எதையும் தெரியாத இடத்துக்கு அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கற்றுக்கொண்டால் வேலை நிச்சயமா?

இல்லை. தனியார் வேலை விளம்பரங்களில் "35 வயதுக்குள்" என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கத் தனியார் துறைக்கென இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது.

தமிழையும் ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 2022 ஜூலையில் ஓய்வு வயது 63 ஆகவும், தகுதியுள்ள ஊழியருக்கு நிறுவனம் மறுவேலை தர முன்வர வேண்டிய வயது 68 ஆகவும் உயர்த்தப்பட்டது. 40 வயதைத் தாண்டிய குடிமக்கள் புதிய திறன் கற்க 2024 மே மாதம் 4,000 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள பயிற்சி நிதியையும் அரசு வழங்கியது. கற்றுக்கொள் என்று சொல்வதோடு, கற்கும் செலவையும் வேலை தரும் பொறுப்பையும் மற்றவர்கள் தலையிலும் வைத்தார்கள்.

இந்தியாவில் மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021 அக்டோபர் 1-ல் 'சேக்ரட்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 60 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் படிப்பு, அனுபவம், விருப்பத்தைப் பதிந்து வேலை தேடுவதற்கான தளம் இது. பதிந்தால் வேலை கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. முதியோருக்கான மற்ற சந்தேகங்களுக்கு 14567 என்ற எல்டர் லைன் எண்ணில் கேட்கலாம்.

இந்த நிலையில், விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பதைவிடத் தெரிந்தவர்கள் வழியாகப் போவதே மூத்தவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வழி. பழைய முதலாளி, சரக்கு வாங்கிய வியாபாரி, கூட வேலை பார்த்துத் தனிக்கடை போட்டவர் ஆகியோருக்கு உங்கள் கை சுத்தம் ஏற்கெனவே தெரியும். அவர்கள் தயங்குவது "சிஸ்டம்" என்ற இடத்தில் மட்டும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுக்கு இன்னும் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. இப்போது வேலை பார்க்கும் இடத்திலேயே, பக்கத்து மேஜையில் பில் போடும் பையனிடமோ பெண்ணிடமோ கேட்டுக் கற்கலாம். பதிலுக்கு அவர்களுக்குத் தெரியாத தொழில் நுணுக்கத்தை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். அந்த நிறுவனத்தின் மென்பொருளே தெரிந்துவிட்டால், ஓய்வுக்குப் பிறகு அங்கேயே ஒப்பந்தத்தில் தொடரக் கேட்கவும் ஒரு பிடி கிடைக்கும்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் முதல் மாதத்துக்கு இப்படித் திட்டமிடலாம். முதல் வாரம் மவுஸ், கீபோர்டு, ஃபைல் சேமிப்பது. இரண்டாம் வாரம் ஒரு கடிதம் அடித்து மெயிலில் அனுப்புவது. மூன்றாம் வாரம் வீட்டுச் செலவுக் கணக்கை எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போட்டு மொத்தம் பார்ப்பது. நான்காம் வாரம் தன் தொழிலுக்கான மென்பொருளைத் திறந்து, பழைய நோட்டில் இருக்கும் ஒரு நாள் வேலையை அதில் அப்படியே செய்து பார்ப்பது.

நோட்டில் வந்த மொத்தமும் திரையில் வந்த மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா? அப்படியானால் அடுத்த முறை "சார், சிஸ்டம் தெரியுமா?" என்று யாராவது கேட்டால், உட்கார்ந்து செய்து காட்டிவிடலாம்.